அன்னபேதி: மஞ்சளடித்த லானுக்கு எப்போது பலிக்கும், எப்போது காசு வீண்

பெங்களூரில் அபார்ட்மென்ட் லான் மஞ்சளடிக்கத் தொடங்கினால் மாலி (தோட்டக்காரர்) முதலில் கேட்பது யூரியா. அதைப் போட்டும் தேறவில்லை என்றால் அடுத்து "அயர்ன் போடணும் சார்" என்பார். லான் டானிக், லான் கிரீனர், மைக்ரோ நியூட்ரியன்ட் என்று நர்சரிகளிலும் ஆன்லைனிலும் விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் பச்சை நிறத்தைக் கொண்டுவருவது இரும்புதான். அந்த இரும்பு மிக மலிவாகக் கிடைக்கும் வடிவம் ஃபெரஸ் சல்பேட். உரக்கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். கன்னடம் மட்டும் பேசும் கடைக்காரருக்கும் அந்தப் பெயர் தெரியும். இந்த விமர்சனம் அன்னபேதியைப் பற்றியது. அதைவிட விலை கூடிய இரண்டு மாற்றுச் சரக்குகளையும் கடைசியில் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்னபேதி மிக நல்ல பொருள், ஆனால் ஒரே ஒரு வகை மஞ்சளுக்குத்தான் மருந்து. மற்ற மஞ்சளுக்கு அது உதவாது. இருந்தும் ஐம்பது நூறு கிராம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஏனென்றால் லான் ஏன் மஞ்சளாகிறது என்பதை ஒரே வாரத்தில் காட்டிக்கொடுக்கும் சோதனைக்கு இதைவிட மலிவான சாமான் கிடையாது.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நல்ல அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக, லேசாக நீலம் ஓடியபடி இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் மேலே மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்கு கட்டும். அந்தப் பழுப்புப் பகுதி துருவாக மாறிவிட்ட இரும்பு. இலைக்குள் அவ்வளவாகப் போகாது. கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளிப்போடும் சரக்கில் இது அடிக்கடி வரும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு குறைந்தது 19 சதவீதம் இருக்க வேண்டும். பாக்கெட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சதவீதமே போடாமல் "100% ஆர்கானிக் பச்சை" என்று மட்டும் எழுதிய திரவப் புட்டிகளைத் தொட வேண்டாம். கிராம் கணக்கில் பார்த்தால் ஆன்லைனில் வரும் சின்ன பாக்கெட்டுகளுக்கும் உரக்கடைக் கிலோ விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆனாலும் 1000 சதுர அடிக்குள் லான் வைத்திருப்பவர்கள் கிலோக் கணக்கில் வாங்கி வைப்பது வீண். மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே பழுப்பாகிவிடும்.

வாங்கியதும் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் தோட்டக் குழாயில் வரும் போர்வெல் தண்ணீர். இரண்டிலும் கால் ஸ்பூன் அன்னபேதி போட்டுக் கலக்குங்கள். ஆர்.ஓ. டம்ளர் தெளிந்த வெளிர்பச்சையாகவே நிற்கும். உங்கள் போர்வெல் கடினத் தண்ணீர் என்றால் அந்த டம்ளர் கலங்கி, பச்சை போய் மஞ்சளாகி, அடியில் பழுப்புத் துகள் படியும். தண்ணீரில் உள்ள பைகார்பனேட் இரும்பைப் பிடித்துக் கீழே தள்ளுவதைத்தான் பார்க்கிறீர்கள். அன்னபேதியை மண்ணில் தூவித் தண்ணீர் விட்டால் வேரடியில் நடப்பதும் இதேதான். ஆர்.ஓ. டம்ளரே சட்டென்று கலங்கினால் சரக்கு பழசு.

அன்னபேதி பலிக்காத கதைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. மாலி கைநிறைய அள்ளி மண்ணில் வீசுகிறார். சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் கடினத் தண்ணீரிலும் அது துருவாகி அடங்கிவிடுகிறது. நடைபாதைக் கல்லில் மட்டும் செங்காவிக் கறை மிஞ்சுகிறது. "அயர்ன் போட்டாச்சு, ஒன்றும் ஆகவில்லை" என்று அசோசியேஷன் கூட்டத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெங்களூரு மண்ணுக்கு இரும்பு குறைவா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இங்கேயுள்ள செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்ஸைடுதான். இயல்பாக இந்த மண் லேசான அமிலத்தன்மை கொண்டது; அந்த நிலையில் புல்லுக்கு வேண்டிய இரும்பு கிடைத்துவிடும். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 7-ஐத் தாண்டி ஏற ஏற, மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் கரையாது, வேர் எடுக்க முடியாது. அபார்ட்மென்ட் லானில் பி.எச். ஏறுவதற்கு இரண்டு வழி. கட்டடம் கட்டியபோது மிஞ்சிய சிமென்ட், சுண்ணாம்பு, காங்கிரீட் தூள் ஆகியவற்றின் மேலேயே சில அங்குலம் செம்மண் பரப்பிப் புல் பதித்திருப்பார்கள். அது ஒன்று. வருஷக்கணக்காகப் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ பாய்வது இன்னொன்று. காவிரித் தண்ணீர் மென்மையானது, ஆனால் அதைப் புல்லுக்கு விடும் காலம் போய்விட்டது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்றே குடிநீர் வாரியம் அறிவித்தது.

இனி இலையைப் படிப்போம். லானைத் தூரத்தில் நின்று பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பரப்பும் பச்சைப் பரப்பும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு தண்டை வேரோடு பிடுங்கி வெள்ளைத் தாளில் வையுங்கள். நுனியில் புதிதாக விரிந்த இலை, அடியில் பழைய இலை, இரண்டையும் பாருங்கள். புது இலை வெளுத்து, நீளவாட்டில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்து, அடி இலைகள் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறை. இரும்பு செடிக்குள் இடம் மாறாது. பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குத் தர முடியாது. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) நேரெதிர். அது குறைந்தால் அடி இலையிலிருந்து உறிஞ்சி நுனிக்கு அனுப்பும். அதனால் அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகும், கோடு தெரியாது. வெட்டும்போது மெஷினில் விழும் புல்லும் வரவரக் குறைந்திருக்கும். அடி இலையிலேயே நரம்புக்கு இடையில் மஞ்சளித்தால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். நர்சரிகளில் மெக்ஸிகன் புல் என்று விற்கும் ஊசி இலை ரகத்தில் கோடு கண்ணுக்குச் சரியாகப் படாது. ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது வெயிலுக்கு எதிரே பிடியுங்கள்.

இலை பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் மூன்று கட்டம் சோதனை. மஞ்சள் அதிகமான இடத்தில், ஒரே அளவு வெயில் விழும் பகுதியில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராக மூன்று சதுரம் நூல் கட்டிக்கொள்ளுங்கள். முதல் சதுரத்துக்கு 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 1 கிராம் அன்னபேதியும் ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிடும் கலந்து, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, சாயங்காலம் இலை நனைய அடியுங்கள். மறுநாள் சாயங்காலம் வரை அங்கே ஸ்பிரிங்க்ளர் ஓடக்கூடாது. இரண்டாவதற்கு 10 கிராம் யூரியாவை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியில் விட்டு, மேலே இன்னொரு தடவை வெறும் தண்ணீர் விட்டு இலையைக் கழுவுங்கள். மூன்றாவதற்கு வெறும் தண்ணீர். ஒரு வாரம் அந்த இடத்தில் மெஷின் ஓட வேண்டாம்.

இரும்புக் குறை என்றால் முதல் சதுரம் இரண்டு மூன்று நாளில் பச்சைப் பிடிக்கும். தழைச்சத்துக் குறை என்றால் இரண்டாவது சதுரம் ஐந்து முதல் ஏழு நாளில் எழும்பும். இரண்டுமே தேறினால் இரண்டும் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குறையே இல்லாத புல்லும் இரும்பு அடித்தால் கொஞ்சம் கருத்துத்தான் போகும். ஆகவே சதுரம் சற்று அடர்ந்து தெரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். மறுபடி ஒரு தண்டைப் பிடுங்கி, புது இலையில் கோடுகளுக்கு நடுவே இருந்த வெளுப்பு நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சதுரமும் வெறும் தண்ணீர்ச் சதுரம் போலவே கிடந்தால் கோளாறு பெரும்பாலும் சத்தில் இல்லை, வேரில். அப்போது எந்த பாக்கெட்டும் வாங்காதீர்கள்.

இரும்புதான் என்று உறுதியானால் முழு லானுக்கும் அடிக்கும் முறை இது. முதுகில் மாட்டும் 15 லிட்டர் ஸ்ப்ரேயர் ஒரு டேங்க், 1000 சதுர அடிக்குச் சரியாக வரும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் 75 கிராம் அன்னபேதி, லிட்டருக்கு 1 கிராம் வீதம் 15 கிராம் சிட்ரிக் ஆசிட். வரிசை முக்கியம்: முதலில் தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைய வேண்டும், அது பைகார்பனேட்டை அடக்கிய பிறகுதான் அன்னபேதி. மாற்றிப் போட்டால் டம்ளரில் பார்த்த அதே பழுப்புத்தான். கலந்த கரைசலை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி எடுங்கள். தகர வாளியையும் பித்தளை நாசிலையும் இது அரிக்கும். வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தாலோ அளவு கூடினாலோ இலை நுனி கருகும். நான்கைந்து மணி நேரம் மழை வராத நாளாகப் பாருங்கள். 19:19:19 போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள உரத்தோடு ஒரே டேங்கில் கலக்கக்கூடாது, இரும்பும் மணிச்சத்தும் சேர்ந்து திரிந்து நாசிலை அடைத்துக்கொள்ளும்.

பலன் இரண்டு முதல் நான்கு வாரம் நிற்கும். அடித்த இலைதான் பச்சையாகும். வெட்டித் தள்ளியதும் புதிதாக வரும் இலை மறுபடி வெளுக்கும். அதைப் பொருளின் குறையாகச் சொல்ல முடியாது, இலைவழிச் சத்து எல்லாமே அப்படித்தான். யூரியா புல்லை உயர்த்திவிடும்; இது உயர்த்தாமல் நிறத்தை மட்டும் தருவது எங்களுக்கு மிகவும் பிடித்த குணம். டிசம்பர், ஜனவரி ராக்குளிரில் வேர் மந்தமாகி லான் சோர்ந்து நிற்கும்போது ஒரு ஸ்ப்ரே கொடுத்தால் வெட்டும் வேலை கூடாமல் நிறம் திரும்பும்.

கறைதான் இதன் பெரிய குறை. கிரானைட், கோட்டா கல், சிமென்ட் பேவர், வெள்ளைச் சுவர் எதில் தெறித்தாலும் சில மணி நேரத்தில் துருக்கறை. அடிப்பதற்கு முன் ஓரக் கற்களைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, முடித்ததும் உடனே கழுவ வேண்டும். ஊறிப்போன கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் வேண்டியிருக்கும். அதைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பளிங்கில் படவே கூடாது. இன்னொன்று, படிகம் பார்க்கக் கல்கண்டு போல இருக்கும். குழந்தை வாயில் போட்டால் இரும்பு விஷமாகும். மூடிபோட்ட டப்பாவில், உயரத்தில் வையுங்கள். இலை காயும்வரை பிள்ளைகளையும் நாயையும் லானில் விடாதீர்கள்.

அன்னபேதியைக் குறைசொல்லும் பலருடைய லானில் உண்மையான நோய் வேறு. பெங்களூரு அபார்ட்மென்ட்களில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது எஸ்.டி.பி. தண்ணீரை. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுவது நல்ல ஏற்பாடு, அதைக் கைவிடச் சொல்லவில்லை. சிக்கல் வாட்டர் சாஃப்ட்னரில் இருக்கிறது. போர்வெல் தண்ணீரை மென்மையாக்கும் அந்தத் தொட்டியை அடிக்கடி உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்கிறார்கள். கழுவி வெளியேறும் உப்புநீர் பல இடங்களில் நேராக எஸ்.டி.பி.-க்கே போகிறது. எஸ்.டி.பி. அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. அந்த சோடியம் முழுக்க லானில் இறங்குகிறது. சோடியம் ஏறிய களிமண் தண்ணீர் பட்டதும் குழைந்து துளைகளை அடைக்கும். வேருக்குக் காற்றுப் போகாது, மூச்சுமுட்டிய வேர் எதிரே இருக்கும் இரும்பையும் எடுக்காது.

இதைக் கண்டுபிடிக்க, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். பேனா போதும். தோட்டக் குழாய்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை. அதற்கு மேல் 2000 வரை கவனமாகப் பயன்படுத்த வேண்டிய தண்ணீர். 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆபத்து. சாஃப்ட்னர் கழுவும் நாளிலும் மற்ற நாளிலும் தனித்தனியாக அளந்தால் குற்றவாளி தானாகத் தெரிந்துவிடும். உப்புநீரை எஸ்.டி.பி.-யிலிருந்து பிரித்து விடுவதுதான் முதல் சிகிச்சை. பிறகு 1000 சதுர அடிக்கு 20 கிலோ ஜிப்சம் தூவி, மழைக்கு முன்பாகவே போட்டு, மழைநீரால் கீழே கழுவவிடுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் கூரைமேல் போட்ட லான் என்றால் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று அதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும். வடியாத இடத்தில் ஜிப்சமும் சேர்ந்து தேங்கும்.

தினம் இரண்டு வேளை ஸ்பிரிங்க்ளர் ஓடும் லானும் இதே மஞ்சளைக் காட்டும். நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் குத்திப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்தில் நின்றால் மண் இறுகியிருக்கிறது. சேறாக வெளியே வந்து அழுகல் நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம். பாய் போலப் புல் கையோடு உரிந்து வந்தால் வேர்ப்புழு. அடியில் ஆங்கில 'சி' எழுத்தாக வளைந்த வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். சதுர அடிக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும். ஜூன் மழைக்குப் பின் வண்டு முட்டையிடுவதால் ஜூலை முதல் அக்டோபர் வரை இதைக் கவனிக்க வேண்டும். புல் நுனி மட்டும் நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடித்தால் தீர்ந்தது. நாய் சிறுநீர் பட்ட இடம் நடுவே காய்ந்து சுற்றிலும் கரும்பச்சை வளையமாக இருக்கும். நீண்டு வளர்ந்த புல்லை ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் அடித்தண்டு மஞ்சளாகத் தெரியும், அது நோயே இல்லை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் போதும்.

மாற்றுச் சரக்குகளுக்கு வருவோம். செலேட் என்பது இரும்பை எளிதில் துருவாக விடாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்மம். ஈ.டி.டி.ஏ. செலேட்டில் இரும்பு 12 சதவீதம். ஸ்ப்ரேக்கு லிட்டருக்கு 1 கிராம் போதும், நன்றாகக் கரையும், அன்னபேதி அளவுக்குக் கறை வைக்காது. வெளிர்நிறக் கற்கள் பதித்த தோட்டமாக இருந்தால் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் மண்ணில் ஊற்ற இதை வாங்காதீர்கள், பி.எச். 6.5-ஐத் தாண்டினால் பிடி விட்டுவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. செலேட் வேறு ரகம். அதில் இரும்பு 6 சதவீதம்தான், விலையோ மிக அதிகம், தண்ணீரில் போட்டால் செக்கச்செவேலென்று கரையும். பி.எச். 9 வரை இரும்பை விடாமல் பிடித்து வேருக்குக் கொடுக்கும். சிமென்ட் இடிபாட்டின் மேல் போட்ட லானில் மண்வழியாக இரும்பு தரக்கூடியது மூன்றில் இது ஒன்றுதான். பாக்கெட்டில் உள்ள அளவுப்படி மண்ணில் ஊற்றி, மேலே தண்ணீர் விட்டு இறக்கிவிட வேண்டும். வெளிச்சத்தில் கிடந்தால் சிதைந்துபோகும்.

அந்தச் செலவுக்கு முன் மண்ணின் பி.எச். தெரிய வேண்டும். இரண்டு கம்பி கொண்ட மலிவு மீட்டரை நம்பாதீர்கள். ஐந்தாறு இடத்தில் வேர் ஆழத்து மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, 10 கிராமை 25 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் கழித்து பி.எச். தாளை நனையுங்கள். 6.5-க்குக் கீழே காட்டினால் இரும்புக் குறைக்கு வாய்ப்புக் குறைவு; இலையை மறுபடி பாருங்கள். 7.5-க்கு மேல் என்றால் மண்ணில் அன்னபேதி தூவுவது வீண்; மாதம் ஒருமுறை ஸ்ப்ரே, யூரியாவுக்குப் பதில் 1000 சதுர அடிக்கு 2 கிலோ அமோனியம் சல்பேட். அது தழைச்சத்தையும் தரும், மண்ணின் காரத்தையும் மெல்லக் குறைக்கும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள். மண் அறிக்கையை மட்டும் வாங்கினால் சோடியம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் போகும்.

புள்ளி கேட்பவர்களுக்கு: சோதனைச் சாமானாக அன்னபேதிக்கு ஐந்துக்கு ஐந்து, ஸ்ப்ரேயாக நாலு, கறைக்காக ஒன்று குறைத்திருக்கிறோம். மண்ணில் தூவும் உரமாக, கடினத் தண்ணீர் பாயும் பெங்களூரு லானுக்கு, ஒன்று.